நாகமுத்து வந்துகொண்டிருக்கிறார்

முதல் நாள் தந்தவை:
செம்மஞ்சள் சட்டை ஒன்று, ஆண்களின் அளவில்.
கைபேசியைக் கவ்வும் பிடி ஒன்று.
முதுகுக்கு ஒரு பெட்டி.
பெட்டிக்கு ஐம்பது பிராங்க் முன்பணம்,
முதல் சம்பளத்தில் கழிப்பார்களாம்.

எனக்கு முன் சுமந்தவர் கழுவித்தான் கொடுத்திருக்கிறார்.
ஆனாலும் ஒரு மூலையில்
யாரோ சாப்பிட்டுவிட்ட கறியின் மஞ்சள்
போகமாட்டேன் என்கிறது.

பீல் நகரத்தில் ஒவ்வொரு தெருவுக்கும் இரண்டு பெயர்.
ஜெர்மனில் ஒன்று, பிரெஞ்சில் ஒன்று.
கைபேசிக்குள் இருப்பவள்
பிரெஞ்சுப் பெயரை ஜெர்மன் வாயால் மென்று துப்ப,
பதினொரு வருடமாக நான் நடந்த தெரு
எனக்கே தெரியாத ஊராகிறது.

கடிகாரத் தொழிற்சாலையில் எங்கள் பிரிவை மூடும்வரை
லென்ஸ் வழியாக
எள்ளளவு சில்லுகளையே பார்த்திருந்த கண்.
இப்போது முழு நகரமும் ஹாண்டில் மேல்,
மழைத்துளிக்குக் கீழே,
ஒரு நீலப் புள்ளி.
அந்தப் புள்ளி நான்.

இல்லை.
அது நான் இல்லை என்று
முதல் மணியை அடித்தபோதுதான் தெரிந்தது.
காலுறையோடு வந்த மாணவன்
என் தோளுக்கு மேலால் படிக்கட்டைப் பார்த்தான்.
'நாகமுத்து எங்கே?'

எந்தப் பெயர் முன், எந்தப் பெயர் பின் என்று
யாரோ மாற்றிப் பதிந்துவிட்டார்கள்.
சாந்தரூபி பின்னால் ஒளிந்துகொண்டாள்.
அவனுடைய திரையில்
ஒரு குட்டிச் சைக்கிள், அதன் கீழே:
நாகமுத்து உங்கள் உணவுடன் வந்துகொண்டிருக்கிறார்.

அப்பா!

கையெட்டும் தூரத்தில் செம்பு இருக்க
அடுப்படியிலிருந்து அம்மாவைக் கூப்பிட்டு
எடுத்துத் தரச் சொன்னவர்.
உப்புக் குறைந்தால் ஒன்றும் கதைக்கமாட்டார்.
கோப்பையைச் சற்றே தள்ளிவைப்பார்.
அந்த ஒரு சாண் தள்ளலுக்கு
வீடு முழுக்க ஓடும்.

இப்போது
நாகமுத்து சிவப்பு விளக்கில் நிற்கிறார்.
நாகமுத்து பிழையான மணியை அழுத்தி
இரண்டு மொழியில் மன்னிப்புக் கேட்கிறார்.
நாகமுத்து நான்கு நிமிடம் பிந்துகிறார்.
லொய்ப்ரிங்கன் ஏற்றத்தில்
பற்றரி பதினொரு வீதத்துக்கு இறங்க
இறங்கித் தள்ளுகிறார்.
பக்கத்தில் கேபிள் ரயில்
வெளிச்சத்தோடு, ஆட்களோடு,
ஒரு மூச்சும் வாங்காமல் ஏறிப் போகிறது.

சென்ட்ரால்பிளாட்ஸில், வங்கி வாசல் கூரையின் கீழ்
எட்டுப் பேர், எட்டுப் பெட்டி.
ஹப்தோம் என்ற எரித்திரியப் பெடியன்
தன் இருக்கைக்கு மாட்டியிருந்ததைப் போலவே
ஹோட்டல் குளியலறைத் தொப்பி ஒன்றை
எனக்கும் நீட்டினான்.
நனையாத இருக்கை எவ்வளவு பெரிய விஷயம் என்பது
நனைந்தவர்களுக்குத்தான் தெரியும்.
'நாகமுத்து உன் புருசனா?' என்றான்.
சிரிப்பு வந்து, இருமலாகி,
பதில் சொல்லாமலே முடிந்தது.

எட்டரைக்கு ஒரு மதிப்பீடு விழுந்தது.
ஐந்துக்கு இரண்டு நட்சத்திரம்.
சூப் சிந்தியிருந்ததாம்.
உயிரோடு இருந்தவரை
அப்பாவுக்கு யாரும் புள்ளி போட்டதில்லை.
நான் போட்டிருந்தால் எத்தனை போட்டிருப்பேன்?
ஹெல்மெட்டிலிருந்து வழியும் நீரைத் துடைத்தபடி
கொஞ்சநேரம் அந்த இரண்டையே பார்த்துக்கொண்டு நின்றேன்.
அவருக்காக முதன்முதலாகக்
கோபமும் வந்தது.
மூடி சரியாகப் பூட்டாதது கடைக்காரன் பிழை.

உதவிப் பக்கத்தில் ஒரு பொத்தான்:
பெயர்த் திருத்தம் கோரவும்.
மூன்று வேலை நாள் ஆகும்.
பெருவிரல் அதன்மேல் நின்றது,
நனைந்த விரலைத் திரை உணரவில்லை.
விரலைச் சட்டையில் துடைத்தேன்.
பிறகு அந்தப் பக்கத்தை மூடினேன்.

வயிறு காந்துகிறது.
வீட்டில் காலையில் வடித்த சோறு இருக்கிறது,
நானே போட்டு நானே தின்ன.
அதற்குள் இன்னொரு ஓடர் அலறுகிறது.
இரண்டு பர்கர், ஒரு கோலா,
மதுரெட்ச் பக்கம், ஐந்தாம் மாடி,
லிஃப்ட் இல்லை.

எழும்புங்கோ, அப்பா.